கிணற்றுக்குள் ஜிபிஎஸ் வேலை செய்யுமா? ஓட்டத்துக்கும் நீச்சலுக்கும் ஒரே வாட்ச் (சந்தேகங்களுக்கு விளக்கம்)

வணக்கமுங்க. இந்த வாரம் வந்த கேள்விகளில் ஒன்று என்னை விடவே இல்லை. கோபிச்செட்டிபாளையம் பக்கத்திலிருந்து ஒரு தம்பி எழுதியிருக்கிறார். அப்படியே படிக்கிறேன்.

"அண்ணா, காலையில் தடப்பள்ளி வாய்க்கால் கரையில் ஐந்து கிலோமீட்டர் ஓடுவேன். அது முடிந்ததும் எங்கள் தோட்டத்துக் கிணற்றில் அரை மணி நேரம் நீச்சல். பெரியப்பா மகனின் வாட்சை இரவல் வாங்கிக் கட்டிக்கொண்டு குதித்தேன். இரண்டரை கிலோமீட்டர் நீந்தியதாகக் காட்டியது. மேப்பில் பார்த்தால் பக்கத்துத் தோட்டத்துக் கட்டுத்தரை வரைக்கும் போய் வந்திருக்கிறேன். விலை குறைவாக, ஓட்டம் நீச்சல் இரண்டுக்கும் சரியாகக் கணக்குச் சொல்கிற ஜிபிஎஸ் வாட்ச் ஒன்று சொல்லுங்கள்."

கட்டுத்தரை வரைக்கும் நீந்தியிருக்கிறார்! படித்துவிட்டு வெகுநேரம் சிரித்தேன். ஆனால் நல்ல கேள்விங்க. வாட்ச் கடைக்காரர்கள் யாரும் கொங்குநாட்டுக் கிணற்றை மனதில் வைத்துப் பேசுவதில்லை.

தொடர்ந்து பார்க்கிறவர்களுக்கு நான் என்ன சொல்லப் போகிறேன் என்று இந்நேரம் தெரிந்திருக்கும். வானம் தெரிந்தால்தான் ஜிபிஎஸ். போன தடவையும் சொன்னேன், இப்போதும் அதேதான். அந்தச் செயற்கைக்கோள்கள் 20,000 கிலோமீட்டருக்கும் மேலே சுற்றுகின்றன. அங்கிருந்து வருகிற சிக்னல் நம் மணிக்கட்டுக்கு வந்து சேரும்போது மிக மிக மெலிந்திருக்கும். நாம் இருக்கும் இடத்தைக் கணக்கிடக் குறைந்தது நான்கு செயற்கைக்கோள்களாவது வேண்டும். அவையும் வானத்தில் ஆளுக்கொரு திசையில் பரவி இருந்தால்தான் கணக்கு சுத்தமாக வரும்.

இப்போது நம் கிணற்றை நினைத்துப் பாருங்கள். வாய் நாற்பது அடி அகலம், தண்ணீர் முப்பது நாற்பது அடி கீழே, சுற்றிலும் பாறைச் சுவர். உள்ளே இருப்பவருக்குத் தெரிவது தலைக்கு நேர்மேலே ஒரு வட்டம் மட்டும்தான். அடிவானத்தை ஒட்டி இருக்கிற செயற்கைக்கோள்களின் சிக்னல் நேராக வராது, பாறையில் பட்டுத் திரும்பி வரும். திரும்பி வந்த சிக்னல் கூடுதல் தூரம் நடந்திருக்கும் அல்லவா? வாட்சுக்கு அது தெரியாது. ஆகவே ஆளை நாற்பது ஐம்பது மீட்டர் தள்ளிக் கொண்டுபோய் வைக்கிறது, அடுத்த விநாடி வேறு பக்கம் வைக்கிறது. அந்தப் புள்ளிகளையெல்லாம் கோடு போட்டு இணைத்து, கோட்டின் நீளத்தைக் கூட்டிச் சொன்னதுதான் தம்பியின் இரண்டரை கிலோமீட்டர்.

கோவைக்காரர்களுக்கு இதே கதை வேறு இடத்தில். அவிநாசி சாலையில் கோல்ட்வின்ஸிலிருந்து உப்பிலிபாளையம் வரை, ஜி.டி. நாயுடு பெயரில் 2025 அக்டோபரில் மேம்பாலம் திறந்தார்களே, பத்துக் கிலோமீட்டருக்கு மேல், அதன் அடியில் ஓடிப் பாருங்கள். ஒரு கிலோமீட்டரை மூன்றரை நிமிடத்தில் பறந்ததாகக் காட்டும், அடுத்ததை எட்டு நிமிடத்தில் ஊர்ந்ததாகக் காட்டும். கால் அதே கால்தான். தலைக்கு மேலே கான்கிரீட் இருந்தால் பாவம் வாட்ச் என்ன செய்யும்? இரட்டை அலைவரிசை வாட்ச் வாங்கினால் சரியாகிவிடுமா என்று கேட்பீர்கள். செயற்கைக்கோள் அனுப்புகிற எல்1, எல்5 என்ற இரண்டு அலைவரிசைகளையும் வாங்குகிற வாட்ச், சுவரில் பட்டுத் திரும்பிய சிக்னலை ஓரளவு இனம்கண்டு ஒதுக்கும். உயரமான கட்டடங்களுக்கு நடுவே பலன் தெரியும். பாலத்தைத் தூக்கி ஓரமாக வைக்க அதனாலும் முடியாது.

தண்ணீரில் நிலைமை இன்னும் மோசம். இரண்டு மூன்று அங்குலம் உள்ளே போனாலே சிக்னல் அவ்வளவுதான். அப்படியானால் நீச்சல்குளத்தில் வாட்ச் எப்படித் தூரம் சொல்கிறது? பலருக்கும் தெரியாத விஷயம் இது. அங்கே ஜிபிஎஸ் அணைந்தே இருக்கும். குளம் 25 மீட்டரா 50 மீட்டரா என்று முதலில் நீங்கள்தான் சொல்ல வேண்டும். வாட்சுக்குள் இருக்கிற அசைவு சென்சார், கைவீச்சையும், சுவரைத் தொட்டுத் திரும்பிக் காலால் உந்துகிற அந்த உதைப்பையும் பார்த்து 'ஒரு நீளம் முடிந்தது' என்று எண்ணும். வெறும் பெருக்கல்தான். நடுவில் நின்று மூச்சு வாங்கினால் எண்ணிக்கை தப்பலாம். பலகையைப் பிடித்துக்கொண்டு காலை மட்டும் அடித்தால் கை அசையாது, எண்ணவே எண்ணாது.

ஆற்றிலோ ஏரியிலோ நீந்தும்போது ஜிபிஎஸ் உண்டு. ஆனால் கை தண்ணீருக்கு மேலே வருகிற அந்த நொடியில்தான் சிக்னலைப் பிடித்தாக வேண்டும். ஃப்ரீஸ்டைலில் கை மேலே வரும், பிடித்துவிடும். நாம் ஊரில் பழகிய தவளை நீச்சலில் கை மேலேயே வராது. முங்கு நீச்சலைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். திறந்த நீரில் நீந்துகிறவர்கள் சிலர் வாட்சைத் தொப்பிக்குள் செருகிக்கொள்வது இதனால்தான். வாய்க்காலில் நீந்திப் பார்க்கலாமே என்று யாரும் கிளம்பிவிடாதீர்கள். அங்கே வானம் தெரியும், ஆனால் தண்ணீர் இழுக்கிற வேகத்தையும் சேர்த்து உங்கள் கணக்கில் எழுதிவிடும். 100 மீட்டர் ஃப்ரீஸ்டைலில் உலக சாதனை 46.40 விநாடி, 2024 பாரிஸ் ஒலிம்பிக்கில் சீனாவின் பான் சான்லே நீந்தியது. வாய்க்கால் வேகமாக ஓடுகிற நாளில் வாட்ச் உங்களை அவர் பக்கத்தில் கொண்டுபோய் நிறுத்தினாலும் ஆச்சரியமில்லை. இழுப்பு ஆளை எங்கே நிறுத்தும் என்பது வேறு விஷயம்.

சரி, வாட்சுக்கு வருவோம். முதலில் பார்க்க வேண்டியது, ஜிபிஎஸ் வாட்சுக்குள்ளேயே இருக்கிறதா என்பது. மலிவான பல வாட்ச்களில் பெட்டியில் ஜிபிஎஸ் என்று பெரிதாகப் போட்டிருக்கும், பொடி எழுத்தில் 'கனெக்டட்' என்றிருக்கும். போனின் ஜிபிஎஸ்ஸைக் கடன் வாங்குகிறது என்று பொருள். திருப்பூரில் பனியன் கம்பெனி நடத்துகிற எங்கள் மாமா ஒருவர் அப்படி ஒன்றை வாங்கிவிட்டு, போனை வீட்டில் வைத்துவிட்டு ஓடி, 'மாப்ளே, வாட்ச் பூஜ்யம் காட்டுது, நான் ஓடவே இல்லையா?' என்று கேட்டார்.

அடுத்தது தண்ணீர். தண்ணீரின் அழுத்தத்தை எவ்வளவு தாங்கும் என்பதற்கான குறியீடாக 5 ஏடிஎம் என்று போட்டிருக்க வேண்டும். ஐபி68 மட்டும் போதாது. அது வாட்சைத் தண்ணீரில் சும்மா மூழ்கவைத்துப் பார்க்கிற சோதனை, கை வீசி நீந்துவதற்கான உத்தரவாதம் இல்லை. ஒரே கம்பெனியிலேயே வித்தியாசம் உண்டு: அமேஸ்ஃபிட் பிப் 5 ஐபி68 தான், அடுத்து வந்த பிப் 6 தான் 5 ஏடிஎம். இரண்டிலும் ஜிபிஎஸ் உண்டு. 5 ஏடிஎம் என்பதால் 50 மீட்டர் ஆழம் போகலாம் என்று நினைத்துவிடாதீர்கள், அசையாத நீரின் அழுத்தக் கணக்கு அது. கிணற்று மேட்டிலிருந்து 'டமார்' என்று குதிக்கிற அடி அந்தக் கணக்கில் இல்லை. தம்பி, வாட்ச் கட்டியிருந்தால் படியில் இறங்கிப் போங்கள். கூட்டாளிகள் கிண்டல் பண்ணட்டும், பரவாயில்லை.

ஈரக் கையில் டச் ஸ்கிரீன் படுத்தும், பட்டன் உள்ளது நல்லது. கார்மின் ஃபோர்ரன்னர் 55 முழுக்கப் பட்டன்தான், ஓட்டத்துக்கு அருமை. நீச்சல்குள மோடு உண்டு, ஆனால் திறந்த நீர் மோடு இல்லை. அது வேண்டுமென்றால் அதே கம்பெனியின் 165, இல்லாவிட்டால் கோரோஸ் பேஸ் 2 அல்லது பேஸ் 3. என் கட்சி எப்போதும் ஒரு தலைமுறை பழைய மாடல்தான். புதியது வந்ததும் பழையதன் விலை இறங்கும். 2021-இல் வந்த வாட்ச் உங்கள் ஐந்து கிலோமீட்டரை இன்றைக்கும் ஒழுங்காகவே அளக்கும். நீரில் மணிக்கட்டு நாடித்துடிப்பை நம்ப வேண்டாம், அதை நெஞ்சில் கட்டுகிற நாடித்துடிப்புப் பட்டை பற்றிய வீடியோவிலேயே பேசியாயிற்று.

ஆனால் தம்பி கேட்டிருக்க வேண்டிய கேள்வி வேறு: நல்ல வெட்டவெளியில்கூட, வாட்ச் காட்டுகிற கிலோமீட்டர் உண்மையான கிலோமீட்டரா? அரை மாரத்தான் முடிந்ததும் எல்லா ஊரிலும் இந்தச் சண்டை நடக்கும். 'என் வாட்ச் 21.4 காட்டுது, ஏமாத்தீட்டாங்க' என்பார்கள். தூரம் 21.0975 கிலோமீட்டர். முறையாக அளக்கிற பந்தயத்தில், வளைவுகளை ஒட்டிப் போகிற மிகக் குறுகிய கோட்டில், சைக்கிள் சக்கரத்தில் பொருத்திய கருவியால் அளப்பார்கள். நாம் தண்ணீர் மேசைக்கு ஒதுங்கி, ஆட்களைச் சுற்றிக்கொண்டு ஓடுகிறோம். அதோடு ஜிபிஎஸ் ஆட்டமும் சேரும். சந்தேகமிருந்தால் கோவை நேரு ஸ்டேடியம் மாதிரி 400 மீட்டர் டிராக்கில், முதல் லேனில் பத்துச் சுற்று ஓடிப் பாருங்கள். 4.00 வந்தால் அதிர்ஷ்டம். கிளம்பும் முன் போனோடு சிங்க் செய்துவிட்டு, வெட்டவெளியில் நின்று சிக்னல் கிடைத்த பிறகு ஓடுங்கள். செயற்கைக்கோள் தன் பாதை விவரத்தை 30 விநாடிக்கு ஒரு முறைதான் சொல்லும். சிங்க் செய்த வாட்ச் அதை முன்பே தெரிந்து வைத்திருப்பதால் சட்டென்று பிடித்துக்கொள்ளும்.

கிணற்றுக்கு என்ன வழி? நீச்சல்குள மோடில் கிணற்று அகலத்தைப் போடலாமா என்றால், பல வாட்ச்கள் அவ்வளவு சிறிய நீளத்தை ஏற்காது. கயிறு போட்டு ஒரு தடவை அளந்துகொள்ளுங்கள். நாற்பது அடி என்றால் சுமார் 12 மீட்டர். குறுக்கே ஐம்பது தடவை போனால் 600 மீட்டர், மனதுக்குள் எண்ணினால் போதும். நேரத்தை மட்டும் வாட்ச் பார்த்துக்கொள்ளட்டும். ஆக, உங்களுக்கு வேண்டியது ஓட்டத்துக்கான வாட்ச், தண்ணீரில் கெடாமல் இருந்தால் சரி. ஃபோர்ரன்னர் 55 விலை இறங்கிக் கிடைத்தால் அதை எடுங்கள், முடியாவிட்டால் பிப் 6. யாரிடமாவது பழையதாக வாங்கினால், பின்பக்கக் கண்ணாடிக்குள் ஆவி படிந்திருக்கிறதா என்று வெயிலில் பிடித்துப் பாருங்கள்.

அடுத்து, தாராபுரத்திலிருந்து ஓர் அம்மா முழங்கால் வலியைப் பற்றிக் கேட்டிருக்கிறார்கள்.