கமெண்டில் எழுதிய உதாரணம் ஓடுமா?

எல்லாருக்கும் வணக்கம். ப்ரோக்ராம் கோடுக்குள்ளேயே கமெண்டாக டாக்குமென்டேஷன், அதாவது விளக்கக் குறிப்பு, எழுத எந்த மொழியின் முறை நல்லது என்று அடிக்கடி கேட்கிறீர்கள். எழுத எவ்வளவு வசதி என்று பார்த்து நான் மார்க் போடுவதில்லை. நான் எழுதி வைத்தது நாளைக்குப் பொய்யாகிப் போனால், அதை யாராவது என்னிடம் சொல்வார்களா? அதுதான் என் கேள்வி.

முதலில் ஜாவா. திரையைப் பாருங்கள், ஸ்லாஷுக்கு அப்புறம் ஒரு ஸ்டார் போட்டால் வெறும் கமெண்ட், இரண்டு ஸ்டார் போட்டால் ஜாவாடாக் என்கிற ஜாவாவின் டாக்குமென்டேஷன் கருவி அதை எடுத்து எச்டிஎம்எல் பக்கமாக்கிக் கொடுக்கும். உள்ளே ஃபங்ஷனுக்குக் கொடுக்கிற பாராமீட்டரை விளக்க அட் பாராம், அது திருப்பித் தருவதை விளக்க அட் ரிட்டர்ன் என்று டேக்குகள் உண்டு. 2024-இல் வந்த ஜாவா 23-இலிருந்து மூன்று ஸ்லாஷ் போட்டு மார்க்டவுன் என்கிற எளிய குறியீட்டிலும் எழுதலாம், கமெண்டுக்குள் எச்டிஎம்எல் டேக் திணிக்கும் கொடுமை ஒழிந்தது. சி ப்ளஸ் ப்ளஸ்ஸுக்கு டாக்ஸிஜன் என்று இதே மாதிரி ஒரு கருவி, ஜாவாடாக் தெரிந்தவருக்கு அது பெரிய புதுசு இல்லை. கோ மொழியில் டேக்கே கிடையாது. ஃபங்ஷனுக்கு நேர் மேலே, அதன் பெயரில் ஆரம்பித்து சாதாரண கமெண்ட் எழுதினால் போதும், ஆனால் நடுவில் ஒரு வரி காலியாக விட்டீர்களோ, அது கணக்கில் சேராது.

சரி, விஷயத்துக்கு வருவோம். இங்கே எண்களின் சராசரி எடுக்கிற ஒரு ஃபங்ஷன் இருக்கிறது, மேலே 'பட்டியல் காலியாக இருந்தால் பூஜ்யம் கிடைக்கும்' என்று கமெண்ட். பிறகு யாரோ உள்ளே கை வைத்து, காலியாக இருந்தால் எரர் வருகிற மாதிரி மாற்றிவிட்டு, கமெண்டை அப்படியே விட்டுவிடுகிறார். ஜாவாவில் கமெண்டைச் சரிபார்க்க டாக்லின்ட் என்று ஒன்று உண்டு, அட் பாராமில் பாராமீட்டர் பெயரைத் தப்பாக எழுதினால் பிடித்துவிடும், ஆனால் பெயர் சரியாக இருந்து சொன்ன விஷயம் தப்பு என்றால் வாயே திறக்காது.

இதையே ரஸ்டில் மூன்று ஸ்லாஷ் கமெண்டாக எழுதி, அதற்குள் மூன்று பேக்டிக் (சாய்ந்த ஒற்றை மேற்கோள் குறி) போட்டு, காலிப் பட்டியல் கொடுத்தால் பூஜ்யம் வருகிறதா என்று சோதிக்கும் ஒரு அசர்ட் வரி வைக்கிறேன். ரஸ்டின் கருவியான கார்கோவில் சோதனைகளை ஓட்டும் 'கார்கோ டெஸ்ட்' கட்டளையை அடிக்கிறேன், பாருங்கள், கமெண்டில் இருக்கிற உதாரணத்தையே கம்பைல் செய்து ஓட்டிப் பார்த்து, சிவப்பில் ஃபெயில் என்று காட்டுகிறது! பைத்தானிலும் இது முடியும்: ஃபங்ஷனுக்குள் விளக்கமாக எழுதும் டாக்ஸ்ட்ரிங்குக்குள் மூன்று 'பெரியது' குறி போட்டு உதாரணம் எழுதினால் டாக்டெஸ்ட் மாட்யூல் ஓட்டிப் பார்க்கும், ஆனால் அதை நாமே கூப்பிட வேண்டும், அதனால்தானோ என்னவோ பலர் கூப்பிடுவதே இல்லை.

ரஸ்டில் இன்னொன்று எனக்கு ரொம்பப் பிடிக்கும். உதாரணத்தில் ஒரு வரியின் முன்னால் ஹேஷ் போட்டு இடம் விட்டால், அந்த வரி ஓடும், ஆனால் பக்கத்தில் தெரியாது, இம்போர்ட் மாதிரி படிப்பவருக்குத் தேவையில்லாத வரிகளை இப்படி மறைக்கலாம். ஒரே எச்சரிக்கை, இந்தச் சோதனை லைப்ரரி கிரேட்டில்தான் (மற்ற ப்ரோக்ராம்கள் எடுத்துப் பயன்படுத்தும் கோட் தொகுப்பு) நடக்கும், பைனரி கிரேட்டில் (நேராக ஓட்டும் ப்ரோக்ராம்) எழுதிய உதாரணத்தைக் கார்கோ தொடவே தொடாது.