ஏட்டுக்கு ஒரே பெயர்

நேயர்களுக்கு வணக்கம். புதுச்சேரியில் இருக்கும் சைவச் சுவடிகள் 2005இல் யுனெஸ்கோவின் உலக நினைவகப் பதிவேட்டில் ஏறின. அதே ஆண்டு செப்டம்பரில், சுவடிப் பட்டியல் போடுகிறவர்களுக்குக் கைகொடுக்கும் சின்ன விதி ஒன்றை, இணையத் தரங்களை வகுக்கும் அமைப்பான டபிள்யூ-த்ரீ-சி வெளியிட்டது. முதலில் சிக்கலைச் சொல்லிவிடுகிறேன்.

எக்ஸ்எம்எல் என்பது தகவலைப் பெயரிட்ட பகுதிகளாக எழுதிவைக்கும் முறை. அந்தக் கோப்பில் ஒவ்வொரு சுவடிக்கும் ஓர் உறுப்பு, அதாவது ஒரு பகுதி. அதற்கு ‘ஐடி’ என்று ஒரு பண்பு, அதாவது பெயரும் மதிப்பும் கொண்ட குறிப்பு; மதிப்பு 17. அந்தச் சுவடிக்கு எழுதிய உரைச் சுவடியில், எதற்கு உரை என்று சுட்டும் ‘மூலம்’ என்ற பண்பு, அதன் மதிப்பும் 17. பார்க்க ஒழுங்காகத்தான் இருக்கிறது. ஆனால் அடையாளப் பெயர் எண்ணில் தொடங்கக் கூடாது, சு17 எனலாம். இடைவெளியும் ஆகாது.

அடுத்ததில்தான் பலர் வழுக்குகிறார்கள். பண்புக்கு ‘ஐடி’ என்று பெயர் வைத்துவிட்டால் அது அடையாளம் ஆகிவிடாது. 1998இல் வந்த எக்ஸ்எம்எல் 1.0 விதிப்படி, அது ஐடி வகை என்றும், ‘மூலம்’ ஓர் அடையாளத்தைச் சுட்டும் ஐடிரெஃப் வகை என்றும், கோப்பின் அமைப்பு விதிகளைச் சொல்லும் டிடிடியில் அறிவிக்க வேண்டும். அறிவிக்காவிட்டால், சு17 இருமுறை வந்தாலும் கோப்பைப் படிக்கும் நிரலான பார்சர் வாயே திறக்காது. 2005 விதி இதற்குத்தான் வந்தது: பண்பின் பெயரை ‘எக்ஸ்எம்எல் கோலன் ஐடி’ என்று எழுதினால், அந்த விதி தெரிந்த பார்சர் டிடிடி இல்லாமலே அதை அடையாளமாக எடுத்துக்கொள்ளும்.

இந்தத் தனித்தன்மை ஒரு கோப்புக்குள் மட்டுமே. கடலூர்ப் பட்டியலையும் புதுச்சேரிப் பட்டியலையும் ஒன்றாக்கினால் இரண்டிலும் சு17 இருக்கும். கடலூர் அடையாளத்தை மட்டும் கட-சு17 என்று மாற்றிவிட்டு ‘மூலம்’ பண்பை மறந்தால், கடலூர் உரை புதுச்சேரிச் சுவடியைக் காட்டும். சரிபார்ப்பில் பிழையே வராது. சு17 கோப்பில் இருக்கிறதே! கோப்பில் இல்லாத பெயரைக் காட்டும் சுட்டு கண்டுபிடிக்கப்படும், தவறான சுட்டு கண்டுபிடிக்கப்படாது. அதனால் ஒன்றாக்கும் முன்பே, தனித்தனிக் கோப்பில் இரண்டு பண்புக்கும் முன்னொட்டைச் சேர்த்துவிடுங்கள்.

தமிழிலேயே அடையாளம் எழுதுவோருக்கு இன்னொரு பொறி. ‘கோயில்’ என்பதன் முதல் எழுத்தில் வரும் ஓகாரக் குறியை ஒரே குறியெண்ணாகவும், அதாவது கணினி எழுத்துக்கு வைத்திருக்கும் ஒரே எண்ணாகவும் பதியலாம். இரட்டைக் கொம்பு, கால் என இரண்டாகவும் பதியலாம். திரையில் வித்தியாசமே தெரியாது. பார்சருக்கு அவை இரு வேறு பெயர்கள், சுட்டு அறுந்துபோகும். சேமிக்கும் முன் கோப்பு முழுவதையும் பிரித்துப் பதிந்ததைச் சேர்த்து எழுதும் யூனிகோடின் என்எஃப்சி வடிவத்துக்கு மாற்றினால், இரண்டும் ஒரே குறியெண்ணாகிவிடும்.