முதலில் மூச்சை வெளியே விடுங்கள்

அனைவருக்கும் வணக்கம். டீச்சருக்குத் தனியாக ஒரு வணக்கம். மேடைப் பக்கமே வரமாட்டேன் என்றவரை முன்வரிசையில் உட்கார வைத்திருக்கிறோம். நான் பேசி முடிக்கும்வரை எழுந்து போய்விடாதீர்கள் டீச்சர்.

நம் பூங்கா யோகா வகுப்புக்கு யார் புதிதாக வந்தாலும் டீச்சர் ஆசனத்தில் தொடங்குவதில்லை. நாற்காலியில் உட்காரச் சொல்வார். "பெரிசா இழுக்காதீங்க. உள்ளே இருக்கிறதை முதல்ல முழுசா விடுங்க" என்பார். ஒருநாள் இளைப்புக்காரப் பெண்மணி ஒருவர் வகுப்பிலேயே மூச்சு வாங்கித் தவித்தார். டீச்சர் முதலில் இன்ஹேலரை எடுக்க வைத்தார். அப்புறம் பக்கத்தில் உட்கார்ந்து, உதட்டைக் குவித்து மெல்ல ஊதச் சொல்லித் தானும் கூடவே ஊதினார். இளைப்பில் காற்று வெளியேற முடியாமல் நுரையீரலில் தங்கிப்போவதுதான் பெரிய அவஸ்தை. அந்தப் பெண்மணியின் தோள்கள் கொஞ்சம் கொஞ்சமாகத் தாழ்ந்து இறங்கியதை அன்று எல்லோரும் பார்த்தோம்.

சரி, இப்போது எல்லோரும் ஒரு காரியம் செய்யுங்கள். மணிக்கட்டில், கட்டைவிரல் பக்கமாக இரண்டு விரல்களை வைத்து நாடியைப் பிடியுங்கள். மெதுவாக மூச்சை இழுங்கள். இன்னும் மெதுவாக விடுங்கள். இழுக்கும்போது நாடி சற்று விரைகிறது, விடும்போது நிதானமாகிறது, தெரிகிறதா? இளவயதுக்காரர்களுக்கு நன்றாகவே தெரியும்; வயதாக ஆக இந்த வேறுபாடு குறையும். மூளையிலிருந்து இதயத்துக்கு இறங்கும் வேகஸ் நரம்பின் வேலை இது. மூச்சை விடும் நேரத்தில் அதன் பிடி கூடுகிறது, இதயம் நிதானப்படுகிறது. சாதாரணமாக நாம் நிமிடத்துக்கு 12 முதல் 20 முறை மூச்சு விடுகிறோம். அதை 6 முறை அளவுக்கு மெதுவாக்கினால் மூச்சும் இதயத் துடிப்பும் இரத்த அழுத்தமும் ஒரே தாளத்துக்கு வந்துவிடுகின்றன. கோபத்தில், பயத்தில் இதயத்தை நேரடியாக அதட்டி அடக்க நம்மால் முடியாது. ஆனால் மூச்சு தானாகவும் நடக்கும், நாம் சொன்னாலும் கேட்கும். எனக்கு இது பெரிய வரமாகவே படுகிறது.

திருமந்திரத்தில் திருமூலர் கணக்கே கொடுத்திருக்கிறார்: மூச்சை இழுக்கும் பூரகம் 16, உள்ளே நிறுத்தும் கும்பகம் 64, வெளியே விடும் ரேசகம் 32. இழுப்பதைப் போல் இரண்டு மடங்கு விடுவது! இதில் அந்த 64-ஐ மட்டும் பிடித்துக்கொண்டு மூச்சை அடக்கக் கிளம்புகிறவர்களை டீச்சர் விடமாட்டார். இரத்த அழுத்தம், இதயநோய் உள்ளவர்களுக்கும் கர்ப்பிணிகளுக்கும் கும்பகமும், மூச்சை வேகவேகமாக வெளியே தள்ளும் கபாலபாதியும் வேண்டாம் என்பதில் அவர் கறார்.

இந்தக் கறார் எங்கிருந்து வந்தது? டீச்சர் படித்தது சென்னையில், யோக ஆசான் கிருஷ்ணமாச்சாரியார் வழிவந்தவர்களிடம். 1888-இல் கர்நாடகத்தில் பிறந்து, மைசூர் மன்னர் நான்காம் கிருஷ்ணராஜ உடையார் ஆதரவில் அரண்மனையில் யோகசாலை நடத்தி, பிறகு சென்னைக்கு வந்து, 1989-இல் நூறு வயதில் மறைந்த பெரியவர். பின்னாளில் யோக ஆசிரியர்களான பி.கே.எஸ். ஐயங்கார், பட்டாபி ஜோய்ஸ், இந்திரா தேவி, கிருஷ்ணமாச்சாரியாரின் மகன் தேசிகாச்சார் எல்லோரும் அவரிடம் படித்தவர்கள். ஆனால் ஒருவர் சொல்லிக்கொடுத்ததைப் போல் இன்னொருவர் சொல்லிக்கொடுக்கவில்லை. ஆளுக்கேற்ற யோகம் என்பதைத் தேசிகாச்சார் தன் வாழ்க்கை முழுவதும் வலியுறுத்தினார். எங்கள் வகுப்பில் முப்பது பேர் இருந்தால் டீச்சர் முப்பது பேருக்கும் தனித்தனியாகச் சொல்வதற்கு வேர் அங்கேதான்.

தூக்கம் வராதவர்களுக்கு அவர் சொல்லித்தருவது பிராமரி. வாயை மூடி, 'ம்' என்று வண்டுபோல ரீங்கரித்தபடி மூச்சை விடுவது. அப்படி ரீங்கரிக்கும்போது மூக்கிலிருந்து வெளிவரும், இரத்தக் குழாய்களைத் தளர்த்தும் நைட்ரிக் ஆக்சைடு வாயு பல மடங்கு கூடுகிறது என்று 2002-இல் ஸ்வீடன் ஆய்வாளர்கள் அளந்து சொன்னார்கள். டீச்சருக்கு இந்தச் செய்தியைக் காட்டியபோது சந்தோஷப்பட்டார். உடனே, "இதைப் படிச்சுட்டு யாரும் மாத்திரையை நிறுத்திடாதீங்க" என்றார். அதை இந்த மேடையிலும் சொல்லச் சொல்லியிருக்கிறார், சொல்லிவிட்டேன்.

டீச்சர், மழை நாளிலும் குடையோடு முதல் ஆளாக வந்து நின்றீர்கள். நடக்க முடியாதவர்களுக்கு வீட்டுக்கே போய்ச் சொல்லிக்கொடுத்தீர்கள். எங்கள் எல்லோர் சார்பிலும் மனமார்ந்த நன்றி. பொன்னாடை வேண்டாம் என்றீர்கள், வாங்கவில்லை. வகுப்புக்குப் பன்னிரண்டு நாற்காலிகள் வாங்கியிருக்கிறோம், வெளியே வண்டியில் இருக்கின்றன. வந்து பாருங்கள்.