கூட்டத்துக்கு ஜம்பலாயா: சட்டியின் அடியையும் மூடியையும் பார்த்து வாங்குங்கள்

வணக்கம் நண்பர்களே. பல மாதங்களாக நான் தேடிக்கொண்டிருந்த 10 கேலன் வார்ப்பிரும்புச் சட்டி, அதற்குச் சரியாகப் பொருந்தும் மூடியோடு, ஒருவழியாக என் வீட்டுக்கு வந்து சேர்ந்துவிட்டது. பழைய சட்டிதான், விலை 120 டாலர். மூடி தனியாக 60 டாலர். இந்த மூடி கிடைத்த மகிழ்ச்சி இன்னும் எனக்குத் தீரவில்லை என்பதால் அதைப் பற்றிச் சற்று விரிவாகவே பேசப் போகிறேன். அதற்கு முன், அரிசியையும் இறைச்சியையும் ஒரே சட்டியில் சேர்த்துச் சமைக்கும் லூசியானா உணவான ஜம்பலாயாவைப் பன்றி இறைச்சியோடு செய்து காட்டிய என் காணொளியைப் பார்த்துவிட்டு உங்களில் பலர் கேட்டிருந்த ஒரே கேள்விக்கு விடை சொல்லிவிடுகிறேன்: ஐம்பது அறுபது பேருக்குச் சமைக்க எந்தச் சட்டியை வாங்குவது?

நான் அமெரிக்காவின் லூசியானா மாநிலத்திலுள்ள பேட்டன் ரூஜில் வசிப்பவன் என்பது உங்களுக்குத் தெரியும். இங்கிருந்து நியூ ஆர்லியன்ஸ் செல்லும் வழியில் கொன்சாலஸ் என்ற சிறு நகரம் இருக்கிறது. 1968-இல் அன்றைய ஆளுநர் ஜான் மெக்கெய்தன் அதை உலகின் ஜம்பலாயாத் தலைநகரம் என்று அறிவித்தார். ஆண்டுதோறும் மே மாத இறுதியை ஒட்டி அங்கே நடக்கும் விழாவில், போட்டியாளர்கள் விறகு அடுப்பின் மேல் பெரிய வார்ப்பிரும்புச் சட்டிகளை ஏற்றி, ஆள் உயரத்துக்குச் சற்றே குறைந்த துடுப்புகளால் கிளறிச் சமைக்கிறார்கள். சட்டியைப் பற்றிக் கற்றுக்கொள்ள அதைவிடச் சிறந்த இடம் வேறொன்று இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை. அங்கே யாரும் சட்டியின் உயரத்தைப் பற்றிப் பெருமை பேசுவதில்லை. அடி எப்படி இருக்கிறது, துடுப்பு எங்கெல்லாம் எட்டுகிறது என்பதையே பேசுகிறார்கள்.

முதலில் அளவு. ஒரு கேலன் கொள்ளளவுக்கு ஒரு பவுண்டு அரிசி என்பது நான் கடைப்பிடிக்கும் கணக்கு. ஒரு பவுண்டு நீள அரிசி வெந்து மலரும்போது ஏறத்தாழ 1.6 லிட்டர் இடத்தைப் பிடிக்கிறது. அதனோடு சேரும் இறைச்சியும் தொத்திறைச்சியும் வெங்காயமும் இன்னும் ஒரு லிட்டருக்கு மேல் எடுத்துக்கொள்கின்றன. ஒரு கேலன் என்பது 3.8 லிட்டர் என்பதால், மேலே கால் பங்குக்கு நெருக்கமான இடம் காலியாக நிற்கும். அந்தக் காலியிடம் வீண் அன்று. நீர் பொங்குவதற்கும், பாதி வேக்காட்டில் அரிசியை அடியிலிருந்து மேலாக ஒரே ஒரு முறை புரட்டிவிடுவதற்கும் அது வேண்டும். ஒரு பவுண்டு அரிசி, இறைச்சியோடு சேர்ந்து, ஆறு ஏழு பேருக்கு வயிறாரப் போதும். ஆகவே 10 கேலன் சட்டி அறுபது பேருக்குத் தாராளமாகப் பரிமாறும்.

ஆனால் 10 கேலன் என்று எழுதியிருக்கும் எல்லாப் பாத்திரங்களும் ஒன்றல்ல. நண்டும், சிறு இறால் போன்ற நன்னீர் உயிரினமான கிராஃபிஷும் அவிக்கும் உயரமான அலுமினியப் பாத்திரங்கள் இங்கே எல்லாக் கடைகளிலும் கிடைக்கின்றன, விலையும் குறைவு. அவற்றை ஜம்பலாயாவுக்குப் பயன்படுத்துவதை நான் அடியோடு வெறுக்கிறேன். அவை நீரைக் கொதிக்க வைப்பதற்காகச் செய்யப்பட்டவை. அடி மெல்லியது, குறுகலானது. ஜம்பலாயாவின் நிறமும் சுவையும் அடியிலேயே பிறக்கின்றன. நான் சமைக்கும் பழுப்பு ஜம்பலாயாவில் தக்காளி கிடையாது; இறைச்சி அடியில் ஒட்டிச் சிவந்து, அந்தப் பழுப்பை வெங்காயத்தின் நீர் கரைத்தெடுத்து, அதுவே சாற்றுக்கு நிறமாகிறது. குறுகலான அடியில் பதினைந்து பவுண்டு இறைச்சியைக் கொட்டினால், இறைச்சி விடும் நீர் ஆவியாக வழியின்றித் தேங்கி, துண்டுகள் சிவப்பதற்குப் பதிலாக வெந்து வெளுத்துவிடும்.

இதில் ஒரு எளிய கணக்கு ஒளிந்திருக்கிறது. ஒரே வடிவில் செய்யப்பட்ட சட்டியின் அகலமும் உயரமும் இரண்டு மடங்கானால், அதன் கொள்ளளவு எட்டு மடங்காகிறது. அடியின் பரப்போ நான்கு மடங்குதான் ஆகிறது. அதாவது சட்டி பெரிதாகப் பெரிதாக, ஒவ்வொரு பவுண்டு இறைச்சிக்கும் கிடைக்கும் அடி குறைந்துகொண்டே போகிறது. அதனால்தான் உயரத்தைவிட வாயகலம் நன்றாகக் கூடுதலாக இருக்கும் சட்டியைத் தேடுங்கள் என்கிறேன். அப்படிப்பட்ட சட்டியிலும் இறைச்சியைப் பகுதி பகுதியாகவே சிவக்க வையுங்கள். நீரின் அளவும் இதே காரணத்தால் மாறுகிறது. வீட்டுச் சட்டியில் ஒரு பங்கு அரிசிக்கு இரண்டு பங்கு நீர் ஊற்றுபவர்கள், பெரிய சட்டியில் அதே விகிதத்தை வைத்தால் சோறு குழைந்துவிடும். ஒவ்வொரு பவுண்டு அரிசிக்கும் ஆவியாகி வெளியேறும் பரப்பு அங்கே சிறியது. 10 கேலனில், வெங்காயமும் இறைச்சியும் விட்ட சாற்றையும் சேர்த்து, ஒன்றரைப் பங்கைச் சற்றுத் தாண்டினாலே எனக்குப் போதுமானதாக இருக்கிறது.

வீட்டில் இருக்கும் பிரியாணி அண்டா போதாதா என்று பலர் கேட்டிருந்தீர்கள். நியாயமான கேள்வி. தம் பிரியாணியில் அரிசியைத் தனியே பாதி வேகவைத்துப் பிறகு சேர்க்கிறோம். ஜம்பலாயாவில் பச்சை அரிசியே இறைச்சி சிவந்த அதே சட்டிக்குள் இறங்கி, அதே அடியின் மேல் முழுவதும் வேக வேண்டும். எனவே அண்டாவின் அடி தடிமனாக இருந்தால் சமைக்கலாம். தட்டினால் தகரம்போல் ஒலிக்கும் அண்டாவாக இருந்தால் வேண்டாம். உலோகத்தின் பெயரைவிடத் தடிமனே இங்கே முக்கியம் என்பதற்கு லூசியானாவிலேயே சான்று இருக்கிறது. ஒஹாயோவின் வேக்னர் நிறுவனம் 1934-இல் கொண்டுவந்த மேக்னலைட் பாத்திரங்கள் அலுமினியமும் மக்னீசியமும் கலந்த வார்ப்புகள். பாட்டியிடமிருந்து பேத்திக்கு என்று அவற்றைப் பொக்கிஷமாகக் காக்கும் குடும்பங்கள் இங்கே ஏராளம். வீட்டளவு ஜம்பலாயா அவற்றில் மிக அழகாக வரும். ஆனால் அவை வீட்டளவுப் பாத்திரங்கள்தான். அறுபது பேருக்கு என்று வரும்போது நான் வார்ப்பிரும்பின் பக்கமே நிற்பேன். அலுமினியத்தோடு ஒப்பிட்டால் அது வெப்பத்தை மெதுவாகவே பரப்பும். ஆனால் அதன் எடையில் தேங்கியிருக்கும் வெப்பம், குளிர்ந்த இறைச்சி விழுந்தவுடன் சட்டியைச் சோர்ந்துபோக விடாது.

இப்போது என் சட்டிக்கு வருகிறேன். இதை விற்றவர் கொட்டகையில் பல ஆண்டுகள் போட்டு வைத்திருந்ததால் உள்ளும் புறமும் துரு. துருவுக்கு நான் அஞ்சுவதில்லை. அதை நீக்கிச் சட்டியைப் பழக்கும் முறையை முன்பே தனிக் காணொளியாகக் காட்டியிருக்கிறேன். அஞ்ச வேண்டியது விரிசலுக்கு. சட்டியைத் தரையிலிருந்து சற்றே உயர்த்தி, விரல் முட்டியால் தட்டிப் பாருங்கள். கணீரென்ற ஒலி நீடித்தால் நல்ல சட்டி, மொத்தென்று அடங்கினால் எங்கோ பிளவு இருக்கிறது. பழைய இரும்புச் சட்டிகளில் சிலர் தூண்டில் குண்டுக்காகவும் தோட்டாவுக்காகவும் ஈயத்தை உருக்குவது உண்டு என்பதால், ஈயம் கண்டறியும் பஞ்சுக்குச்சியால் துடைத்துப் பார்க்காமல் பழைய சட்டி எதையும் நான் அடுப்பில் ஏற்றுவதில்லை. நீங்களும் ஏற்றாதீர்கள்.

கால்களைப் பற்றிச் சொல்லாமல் வந்துவிட்டேன். மூன்று நீளமான கால்கள் உள்ள சட்டி விறகுக்கு நடுவே உறுதியாக நிற்கும். எரிவாயு அடுப்பின் வளையத்தின் மேல் அது சரியாக அமராது. நீங்கள் எரிவாயுவில் சமைப்பவர் என்றால் குட்டையான காலோ, காலே இல்லாததோ வாங்குங்கள். அடியும் சுவரும் சேரும் இடம் மெல்ல வளைந்திருக்க வேண்டும். அங்கே கூரான மூலை இருந்தால் துடுப்பு எட்டாது, எட்டாத இடத்தில் அரிசி கருகும், கருகிய வாசம் சட்டி முழுவதையும் பற்றிக்கொள்ளும்.

இனி மூடி. சட்டியை விற்றவர், மூடி எங்கே என்று கேட்டபோது, எந்த மூடியும் பொருந்தும் என்று சொன்னார். பெரிய சட்டிகளுக்கு அப்படி எதுவும் கிடையாது. ஒவ்வொரு வார்ப்பாலையும் தன் அளவில் தன் விளிம்பை வார்க்கிறது. ஒன்றின் மூடி விளிம்பின் மேல் கவியும், இன்னொன்றினது உட்புற வரம்பில் அமரும். கடையில் 10 கேலனுக்கு என்றே விற்கப்பட்ட புதிய மூடி என் சட்டியின் வாயைவிட அரை அங்குலம் சிறியதாக இருந்தது. அதைத் திருப்பிக் கொடுக்க முயன்றபோது, பெட்டி பிரிக்கப்பட்டது என்று சொல்லிப் பணத்தில் ஒரு பகுதியைப் பிடித்துக்கொண்டார்கள். மூடி இல்லாமல் சட்டியை விற்பது, சட்டியின் பாதியை விற்பதுதான் என்று நான் உறுதியாக நம்புகிறேன். அரிசி சேர்த்துக் கொதித்தவுடன் தீயைக் குறைத்து மூடிவிட்ட பிறகு, மேலடுக்கு அரிசி வேகுவது ஆவியால் மட்டுமே. மூடி ஒரு பக்கம் தூக்கி நின்றால் அந்தப் பக்கத்து அரிசி நடுவில் கடுக்கென்றே இருக்கும். அதற்காக நீர் தெளித்தால் அடி கூழாகும். லூசியானாவின் பழைய கரும்பு ஆலைகளில் சாறு காய்ச்சிய மாபெரும் இரும்புக் கொப்பரைகள் இப்போது பல வீட்டுத் தோட்டங்களில் நீர்த்தொட்டிகளாக நிற்கின்றன. அவற்றில் சமைக்கலாமா என்று ஒருவர் கேட்டிருந்தார். நீரை வெளியேற்றிப் பாகாக்குவதற்காகவே அகலத் திறந்த வாயோடு வார்க்கப்பட்டவை அவை. நமக்கு வேண்டியது அதற்கு நேர் எதிரானது: மூடியின் கீழ் ஆவியை உள்ளேயே அடக்கி வைக்கும் சட்டி.

எனக்குக் கிடைத்த 60 டாலர் மூடி, ஒரு பழம்பொருள் கடையில் சட்டியே இல்லாமல் தனியாகக் கிடந்தது. சட்டி வாயின் உள்விட்டத்தையும் வெளிவிட்டத்தையும் எழுதிய தாளை எப்போதும் பையில் வைத்திருந்ததால் அங்கேயே அளந்து பார்த்துவிட்டேன். வீட்டுக்கு வந்ததும், விளிம்பைச் சுற்றி நான்கு இடங்களில் காகிதத் துண்டுகளை வைத்து, மூடியை இறக்கி, ஒவ்வொன்றாக இழுத்துப் பார்த்தேன். நான்கும் பிடித்து நின்றன. நீங்களும் வாங்கும் முன் இந்தச் சோதனையைச் செய்யுங்கள். கடைக்காரர் முகம் சுளித்தாலும் செய்யுங்கள்.

தக்காளி சேர்க்கும் நியூ ஆர்லியன்ஸ் முறைச் சிவப்பு ஜம்பலாயாவை விரும்புபவர்களுக்கு இடையில் ஒரு சொல். தக்காளியின் புளிப்பு, பழக்கிய இரும்பின் மேற்பூச்சை அரித்து, சோற்றில் இரும்பு வாடையை ஏற்றும். கூட்டத்துக்கு அதைச் சமைப்பதானால் தடித்த அடியுள்ள எவர்சில்வர் பாத்திரமே சரி.

அடுப்பும் சட்டியோடு சேர்ந்ததுதான். கிராஃபிஷ் அவிக்கும் அடுப்பில் தீ நடுவில் ஒரே புள்ளியில் சீறும். வார்ப்பிரும்பு அந்த வெப்பத்தை விரைவாகப் பரப்பாது என்பதால் நடுவில் வட்டமாகக் கருகிவிடும். தீ வளையம் அடியின் பாதியளவாவது விரிந்திருக்கும் அகலமான அடுப்பையே வாங்குங்கள், அதிலும் மிகக் குறைந்த தீயில் அணையாமல் எரிகிறதா என்று பாருங்கள், ஏனென்றால் கடைசி அரை மணி நேரம் முழுவதும் அந்தத் தீயில்தான் போகிறது.

நூறு பேரைத் தாண்டினால் என்ன செய்வது என்று கேட்பவர்களுக்கு: 20 கேலன் சட்டி ஒன்றைவிட 10 கேலன் சட்டிகள் இரண்டையே நான் தேர்வு செய்வேன். இரண்டு அடிகள் கிடைக்கின்றன, இறைச்சி நன்றாகச் சிவக்கிறது, கீழடுக்குச் சோற்றின் மேல் அழுந்தும் எடை குறைகிறது. வண்டியில் ஏற்ற இரண்டு பேர் போதும். இரண்டாவது சட்டிக்காக நான் இப்போதே தேடத் தொடங்கிவிட்டேன், இம்முறை மூடியோடு விற்பவரிடம் மட்டும்.