'நீ…' என்ன? கோல்ட்ப்ளேயோட 'கிளாக்ஸ்' பாட்டும் என் சுண்டுவிரலும்

வணக்கம் மக்களே. ஃபேனை நிறுத்திட்டுத்தான் உக்காந்திருக்கேன். போன வீடியோல உன் பேச்சை விட ஃபேன் சத்தம்தான் தெளிவா இருந்துச்சுன்னு என் தங்கச்சியே சொல்லிட்டா. அதனால இன்னைக்கு ஒரு துண்டு, ஒரு பாட்டில் தண்ணி, வேர்வை. சமாளிச்சுக்கலாம்.

முதல்ல இதைக் கேளுங்க.

(கீபோர்டில் வாசிக்கிறார்)

தெரியுதா? பேர் தெரியலைன்னாலும் எங்கயாவது காதுல விழுந்திருக்கும். இங்கிலாந்து ராக் பேண்ட் கோல்ட்ப்ளேயோட 'கிளாக்ஸ்'. 2002 ஆகஸ்ட்ல வந்த அவங்க ரெண்டாவது ஆல்பம் 'எ ரஷ் ஆஃப் பிளட் டு தி ஹெட்'ல இருக்கு. 2003 மார்ச்ல இங்கிலாந்துல சிங்கிளா வந்துச்சு. நியாயமாப் பாத்தா இந்த ஆல்பத்துலயே இது வந்திருக்கக் கூடாது. அந்தக் கதைக்கு வர்றேன், அவசரம் இல்ல. அதுக்கு முன்னாடி என் சுண்டுவிரலைப் பத்திக் கொஞ்சம் பேசணும்.

இருங்க, கேமராவைக் கீழ இறக்குறேன். ஆங். தெரியுதா? இந்த வலது கோடியில ஒரு கட்டை அமுங்கினபடியே நிக்குது பாருங்க, அதைக் கண்டுக்காதீங்க. செகண்ட் ஹேண்ட்ல வாங்கினது, வாங்கும்போதே அப்படித்தான். நமக்கு அது வேண்டாம். வலது கை மட்டும் போதும். மேல ஈ ஃப்ளாட்ல சுண்டுவிரல். பி ஃப்ளாட்ல ஆள்காட்டி விரல். ஜி-ல கட்டைவிரல். பாட்டு கத்துக்கிறவங்களுக்குச் சொல்லணும்னா ரெண்டரைக் கட்டை சுருதி வெச்சுக்கோங்க. மேல் ச, ப, க. மேலேருந்து கீழ இறங்குது.

ச ப க, ச ப க, ச ப.

எண்ணினீங்களா? எட்டு. மூணு, மூணு, ரெண்டு. நான் ஸ்கூல் படிக்கும்போது நாலு வருஷம் மிருதங்கம் போனேன், அப்புறம் பிளஸ் டூ வந்துச்சு, மிருதங்கம் பரண்ல ஏறிடுச்சு. ஆனா வாய் மறக்கல. இதை முதல் தடவை கேட்டப்போ எனக்குப் பியானோவாவே கேக்கல. தகிட தகிட தக, தகிட தகிட தக. அவ்வளவுதான்.

இப்ப நீங்களும் பண்ணிப் பாருங்க. காலால ஒரே சீரா நாலு தட்டு தட்டுங்க. வாயால தகிட தகிட தக சொல்லுங்க. ஒவ்வொரு 'த'வும் என் சுண்டுவிரல் விழற இடம். முதல் 'த' கால் தட்டோட சேரும். மூணாவது 'த'வும் கடைசித் தட்டோட சேரும். நடுவுல இருக்கிற 'த' மட்டும் ரெண்டு தட்டுக்கு இடையில, எதையும் பிடிக்காம விழும். பாட்டுல அந்தத் தள்ளாட்டம், யாரோ பின்னாடி துரத்துற மாதிரி ஒரு அவசரம், எல்லாம் அந்த ஒரே ஒரு விரல் அடியிலேருந்துதான் வருது. வேகம் நிமிஷத்துக்கு 131 தட்டு. பாட்டு அஞ்சு நிமிஷத்துக்கு மேல. ஒருநாள் முழுப்பாட்டுக்கும் இதையே விடாம வாசிச்சுப் பாத்தேன். மறுநாள் டீ கிளாஸ் தூக்கும்போது சுண்டுவிரல் தனியா நின்னுச்சு.

இந்த மூணு மூணு ரெண்டு கணக்கு நம்ம ஊர்ல மட்டும் இல்ல. கியூபாவுல இதுக்கு டிரெசியோன்னு பேர். 2006-ல 'ரிதம்ஸ் டெல் முண்டோ'ன்னு ஒரு ஆல்பம் வந்துச்சு. அதுல கியூபா வாத்தியக்காரங்க இதே 'கிளாக்ஸ்'க்கு வாசிச்சிருக்காங்க. கேட்டுப் பாருங்க, வெளியூர்ல படிச்ச பையன் லீவுக்கு வீட்டுக்கு வந்த மாதிரி இருக்கும். எனக்கு ஒரிஜினலை விட அதுல நடை சொகுசா இருக்கு. கோல்ட்ப்ளே ரசிகர்கள் அடிக்க வராதீங்க.

சரி, விரலுக்குத் திரும்பலாம். இப்ப மாறுற இடத்தைப் பாருங்க. முதல் சுத்து ச ப க. அடுத்த ரெண்டு சுத்து நி ப ரி. நாலாவது சுத்து த ம ரி. திரும்ப ச. கோர்டு, அதாவது சேர்ந்து ஒலிக்கிற ஸ்வரக் கூட்டம், அந்தப் பேர்ல சொன்னா ஈ ஃப்ளாட் மேஜர், பி ஃப்ளாட் மைனர் ரெண்டு தடவை, எஃப் மைனர்.

மெதுவா வாசிக்கிறேன். முதல் மாற்றத்துல சுண்டுவிரல் ச-லேருந்து நி-க்கு வருது, கட்டைவிரல் க-லேருந்து ரி-க்கு வருது, ஆள்காட்டி ப-லயே நிக்குது. அடுத்த மாற்றத்துல சுண்டுவிரல் நி-லேருந்து த, ஆள்காட்டி ப-லேருந்து ம, இந்தத் தடவை கட்டைவிரல் நகரல. இறங்கும்போது எப்பவும் ரெண்டு பேர் நகர்றாங்க, ஒருத்தர் காவல் இருக்கார். மேல கேக்கறது ச, நி, த மட்டும்தான், மூணே படி. படியில இறங்கி, இறங்கி, சட்டுனு மறுபடி மொட்டைமாடியில நிக்கிற மாதிரி. புதுசா கீபோர்டு கத்துக்கிற பிள்ளைங்க முதல் மாசத்துலயே வாசிச்சுடலாம். இவ்வளவு சுலபமான ஒண்ணை அதுவரைக்கும் யாரும் போட்டு வைக்கலையான்னு எனக்கு இன்னும் ஆச்சரியம்தான்.

இதை வாசிச்சுட்டு இருக்கும்போது அடுப்படியிலேருந்து அம்மா, "ஹரிகாம்போஜி மாதிரி இருக்கேடா"ன்னாங்க. எங்க அம்மா பாட்டு டீச்சர். உடனே நான் குதிச்சேன், "அம்மா, வீடியோவுக்குத் தலைப்பு கிடைச்சிருச்சு, கோல்ட்ப்ளே பாடிய ஹரிகாம்போஜி!" கரண்டியோடயே வெளிய வந்தாங்க. "அந்த ஸ்வரங்கள்னு சொல்லு. ராகம்னு சொல்லாதே. கமகம் எங்க? பிடி எங்க? ஏணியைக் காட்டிட்டு வீடுன்னு சொல்லுவியா?" வாங்கிக் கட்டிக்கிட்டேன். (கமகம்னா ஸ்வரத்தை அசைச்சுப் பாடுறது, பிடின்னா ராகத்தை அடையாளம் காட்டுற ஸ்வரக் கோவை.) அதனால மக்களே, நான் சொல்றது இவ்வளவுதான்: இந்த மூணு கோர்டுல வர்ற ஸ்வரங்களை வரிசையா அடுக்கினா ஹரிகாம்போஜி மேளத்தோட, அதாவது அந்தத் தாய் ராகத்தோட, ஏழு ஸ்வரம் வரும். மேற்கத்திய கணக்குல மிக்ஸோலிடியன்னு சொல்லுவாங்க. மேஜர்தான், ஆனா நிஷாதம் மட்டும் ஒரு படி கீழ. அதனாலதான் சந்தோஷமா சோகமான்னு பிடிபடாம ஒரு மாதிரி நடுவுல நிக்குது.

இப்ப அந்தக் கதை.

லண்டன் யுனிவர்சிட்டி காலேஜ்ல சேர்ந்த நாலு பசங்க. பாட்டு, பியானோ கிறிஸ் மார்ட்டின். கிட்டார் ஜானி பக்லண்ட். பாஸ் கை பெர்ரிமேன். டிரம்ஸ் வில் சாம்பியன். முதல் ஆல்பம் 2000-ல, அதுல 'யெல்லோ' ஹிட்டு. ரெண்டாவது ஆல்பத்தை கென் நெல்சன் தயாரிச்சார், லிவர்பூல்ல பார் ஸ்ட்ரீட் ஸ்டூடியோவுல நிறைய வேலை நடந்துச்சு. ஆல்பம் ஏறக்குறைய முடியப் போற நேரம். ஒருநாள் ராத்திரி ரொம்ப நேரம் கழிச்சு மார்ட்டின் ஸ்டூடியோவுக்கு வர்றார், பியானோல உக்காரும்போது இந்த ரிஃப், அதாவது திரும்பத் திரும்ப வர்ற இந்தப் பியானோ வரிசை, வந்து விழுது. மியூஸ்ங்கற இன்னொரு இங்கிலாந்து பேண்டோட பாதிப்புன்னு அவரே சொல்லியிருக்கார். அதை ஜானிக்கு வாசிச்சுக் காட்டுறார். ஜானி வாயால எதுவும் சொல்லமாட்டாராம். பிடிச்சிருந்தா கிட்டாரைக் கையில எடுப்பார், அதுதான் அடையாளம். எடுத்துட்டார்.

ஆனா அதுக்குள்ள ஆல்பத்துக்கு வேண்டிய பாட்டெல்லாம் தயார். நேரமும் இல்ல. அதனால அரைகுறையா பதிவு பண்ணி, மூணாவது ஆல்பத்துக்கான பாட்டுகள்னு எழுதின ஒரு சிடியில இதைப் போட்டு ஓரமா வெச்சுட்டாங்க. அடுத்த ஆல்பத்துக்கு ஆகும்னு. நம்ம வீட்ல புதுப் பாத்திரத்தைப் பரண்ல வைக்கிற மாதிரி, தீபாவளிக்கு எடுத்துக்கலாம்னு. அப்ப அவங்களோட நண்பர், மேனேஜர் ஃபில் ஹார்வி அதைக் கேட்டுட்டுப் பிடிச்சுக்கிட்டார். பாட்டே நேரம் ஓடுதுன்னு பதறுது, அதைப் போயி அடுத்த ஆல்பம் வரைக்கும் வெச்சிருக்கப் போறீங்களாங்கற மாதிரி கேட்டிருக்கார். அந்தக் கேள்விக்கு யாருகிட்டயும் பதில் இல்ல. வேகவேகமா முடிச்சு ஆல்பத்துல சேத்தாங்க.

எனக்கு இதுல பிடிச்சது அந்த அவசரம்தான். இன்னும் மூணு வருஷம் கையில இருந்திருந்தா இந்த ரிஃப் மேல என்னென்னமோ பூசியிருப்பாங்க. பூச நேரம் இல்ல, தப்பிச்சிருச்சு.

சார்ட்ல பாத்தா பெரிய சாதனை ஒண்ணும் இல்ல. இங்கிலாந்துல 9-வது இடம், அமெரிக்காவுல 29. ஆனா 2004 பிப்ரவரியில கிராமி விழாவுல ரெக்கார்டு ஆஃப் தி இயர் இதுக்குத்தான். எதிர்ல யார் யார்னு பாருங்க: பியான்சேயோட 'கிரேஸி இன் லவ்', அவுட்காஸ்ட்டோட 'ஹே யா', எமினெமோட 'லூஸ் யுவர்செல்ஃப்', பிளாக் ஐட் பீஸோட 'வேர் இஸ் தி லவ்'. என்கிட்ட ஓட்டு இருந்திருந்தா 'ஹே யா'வுக்குக் குத்தியிருப்பேன், பொய் சொல்ல விரும்பல. மேடையில மார்ட்டின் இந்த விருதை அதுக்கு முந்தின வருஷம் காலமான அமெரிக்கப் பாடகர் ஜானி கேஷுக்கும், அப்போ அமெரிக்க ஜனாதிபதி தேர்தலுக்கு ஓடிட்டு இருந்த ஜான் கெர்ரிக்கும் சமர்ப்பிச்சார். கெர்ரி அந்த நவம்பர்ல தோத்துட்டார்.

ஒரு நிமிஷம். குக்கர். மூணு விசில் வரட்டும்.

…ஆங். அர்த்தத்துக்கு வரலாம். பாட்டுப் பேர் 'கடிகாரங்கள்'. ஆனா பாட்டுக்குள்ள கடிகாரம்ங்கற சொல் ஒரே ஒரு இடத்துல, நெருக்கி வர்ற சுவர்களோட சேர்ந்து வந்துட்டுப் போயிடும். மத்தபடி விளக்கு அணையுது, எதிர்நீச்சல் போட்டுப் பாத்த அலைகள், பேர் சொல்ல முடியாத ஒரு தொல்லை, பழக்க வேண்டிய புலி. அந்தப் புலி எனக்கு ஒட்டவே இல்ல, சந்தத்துக்குக் கூட்டிட்டு வந்த புலின்னு தோணுது. ஆனா என் தலை மேல இருக்கிற ஆப்பிளைச் சுட்டு விழ வையின்னு ஒரு இடம் வருது, அது பிரமாதம். சுவிட்சர்லாந்துல வில்லியம் டெல் கதை இருக்கில்ல? அப்பா வில்லாளி, பையன் தலையில ஆப்பிள், குறி தப்பினா பையன் காலி. இதுல பாடுறவன் நிக்கிறது வில்லாளி இடத்துல இல்ல, பையன் இடத்துல. அசையாம நின்னு இன்னொருத்தர் கையை நம்பணும். அப்புறம் நான் மருந்தா, நோயான்னு தன்னையே கேட்டுக்கிறான்.

அதுக்கப்புறம் பல்லவி. பல்லவியில இருக்கிறது ரெண்டே சொல். 'யூ ஆர்'. முடிஞ்சுது. நீ என்ன? அழகா? துரோகியா? மருந்தா? சொல்லவே மாட்டான். பியானோ மட்டும் தகிட தகிட தகன்னு ஓடிக்கிட்டே இருக்கும்.

ரெண்டு நாளா இதைத் தமிழ்ல பாடிப் பாக்கணும்னு உக்காந்தேன், இங்கதான் மாட்டிக்கிட்டேன். நம்ம மொழியில அந்த 'ஆர்' கிடையாது. 'நீ அழகு' போதும், நடுவுல எதுவும் வேண்டாம். அப்ப 'யூ ஆர்'ங்கறது வாக்கியம் பாதியில நிக்குதுன்னு எடுத்துக்கிட்டா வெறும் 'நீ…'. இல்ல, அது முழு வாக்கியம்னு எடுத்துக்கிட்டா 'நீ இருக்கிறாய்'. ரெண்டும் வேற வேற பாட்டு! முதல்ல சொல்ல வந்ததைத் தொண்டையில அடைச்சுக்கிட்டு நிக்கிறான். ரெண்டாவதுல நீ இருக்கே, அது போதும்னு பெருமூச்சு விடுறான். இங்கிலீஷ்ல ரெண்டையும் ஒரே வாயில பாடிட்டுப் போயிட்டான் மனுஷன். நமக்கு ஒண்ணைத் தேர்ந்தெடுக்கணும்.

கடைசியில வீடு, வீடு, நான் போக ஆசைப்பட்ட இடம்னு திரும்பத் திரும்பப் பாடி, அப்படியே தேஞ்சு மறைஞ்சுடும். இப்ப மறுபடி என் கையைப் பாருங்க. ச தான் வீடு. நாலு சுத்துல ச-ல நிக்கிறது முதல் சுத்து மட்டும். ரெண்டு செகண்டுகூட இல்ல. மிச்ச மூணு சுத்தும் வெளிய. ஏழு செகண்டுக்கு ஒரு தடவை வாசல்படி மிதிச்சுட்டு உடனே கிளம்பிடறான். வீடுன்னு வாய் பாடுது, கை இறங்கிப் போயிட்டே இருக்கு. இதை மார்ட்டின் யோசிச்சுப் பண்ணினாரான்னு கேக்காதீங்க. ராத்திரி தூக்கக் கலக்கத்துல யாரு இதெல்லாம் கணக்குப் போடுவாங்க.

அம்மாகிட்ட ரெண்டையும் பாடிக் காட்டினேன். 'நீ இருக்கிறாய்' கேட்டதும், "செய்தி வாசிக்கிற மாதிரி இருக்கு"ன்னுட்டாங்க. சரி, நீங்களே பாடுங்கன்னேன். சோத்துக் கையைப் புடவையில தொடச்சுட்டு, நான் வாசிக்க வாசிக்க, வெறும் 'நீ'யைப் பிடிச்சாங்க. ச-ல ஆரம்பிச்சு, நி-ல கொஞ்சம் அசைச்சு, த-ல நிறுத்திட்டாங்க. மேல ச-க்குப் போகவே இல்ல. ஏன்மான்னு கேட்டா, "அவன் இன்னும் சொல்லி முடிக்கலையே"ன்னாங்க. அப்போ மொபைல் சார்ஜ்ல கிடந்துச்சு, பதிவு பண்ணல. இப்ப மறுபடி பாடச் சொன்னா குழம்பு கொதிக்குதுங்கறாங்க.

சரி மக்களே, துண்டு முழுக்க நனைஞ்சிருச்சு. ஃபேன் போடப் போறேன்.