வெறுங்கையோடு நடுவில் நிற்பவர்கள்: மோதல் பூமியில் கிறிஸ்தவ அமைதிப் பணி

வணக்கம். கையில் ஒரு கம்புகூட இல்லாத ஒருவர், ஆயுதம் ஏந்திய கூட்டத்திற்கும் அது தாக்க வரும் மக்களுக்கும் நடுவில் போய் நின்றால் என்ன நடக்கும்? அவரைக் கொன்றுவிடுவார்கள் என்றுதான் நம்மில் பெரும்பாலோர் சொல்வோம். அப்படி நடந்ததும் உண்டு. அந்தக் கொலையைப் பற்றியும் இந்த வீடியோவில் பேசப்போகிறேன். ஆனால் அவர் நின்ற காரணத்தாலேயே ஓங்கிய கை இறங்கிய நாட்களும் ஏராளமாக உண்டு. அது எப்படி நடக்கிறது என்பதைக் கடைசிவரை பொறுமையாகப் பாருங்கள்.

[திரையில்: கோட்டாறு பேராலயத்தின் முகப்பு]

கோட்டாறு சவேரியார் திருவிழாவுக்குப் போய் வளர்ந்த குமரி மாவட்டத்துக்காரர்கள் எல்லோரும் ஒரு கதையைக் கேட்டிருப்பார்கள். வடுகர் எனப்பட்ட தெலுங்குப் படையினர் வடக்கிலிருந்து திரண்டு வந்தபோது, பதினாறாம் நூற்றாண்டு மறைபரப்பாளரான சவேரியார் சிலுவையை உயர்த்திப் பிடித்துத் தனியாளாக எதிரே நின்றார், படை திரும்பிப் போயிற்று என்பது கோட்டாற்று மரபு. அந்தக் கதையைக் காட்டிலும், 1544 ஜூன் மாதத்தில் அவர் மணப்பாட்டிலிருந்து எழுதிய ஒரு கடிதம்தான் எனக்கு நெருக்கமானது. வடுகருக்கு அஞ்சி ஓடிக் கன்னியாகுமரியின் கடற்பாறைகளில் ஒதுங்கி, பசியிலும் தாகத்திலும் தவித்த மீனவக் குடும்பங்களுக்காக, இருபது தோணிகளில் உணவை ஏற்றிக்கொண்டு புறப்படுவதாக அதில் எழுதுகிறார். ஆனி மாதத்துக் காற்று எப்படி அடிக்கும் என்பதை நம் கடற்கரை மக்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. எதிர்க்காற்றில் தோணிகள் முனையை எட்ட முடியாமல் போகவே, அவர் கரை வழியாக நடந்து வந்து சேர்ந்தார். அவருக்குப் பின்னால் போர்த்துக்கீசியரின் செல்வாக்கு இருந்தது என்பதையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். அந்தச் செல்வாக்குப் பிரச்சினை இன்றைய அமைதிப் பணியாளர்களையும் விடவில்லை.

இப்போது நவீன வரலாற்றைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். மென்னோனைட், குவேக்கர், சர்ச் ஆஃப் தி பிரதரன் ஆகிய மூன்றும் படையில் சேருவதையே பாவமாகக் கருதி வந்த சபைகள். (நம் ஊர்ப் பிரதரன் சபைகளோடு இதைக் குழப்பிக்கொள்ள வேண்டாம்.) 1984ஆம் ஆண்டு பிரான்சின் ஸ்ட்ராஸ்பூர்க் நகரில் நடந்த மென்னோனைட் உலக மாநாட்டில், ரான் சைடர் என்ற இறையியலாளர் தம் சபையாரையே கடுமையாகக் கேள்வி கேட்டார். நாட்டுக்காகச் சாகப் படைவீரர்கள் ஆயிரக்கணக்கில் தயாராக இருக்கும்போது, அமைதிக்காகச் சாக நாம் தயாரா, தயாரில்லை என்றால் அகிம்சையைப் பற்றிப் பேச நமக்கு என்ன தகுதி இருக்கிறது என்பதே அந்த உரையின் சாரம். அதன் விளைவாக 1986இல் 'கிறிஸ்டியன் பீஸ்மேக்கர் டீம்ஸ்' என்ற அமைப்பு உருவாயிற்று. 2022இல் அது தன் பெயரின் முதல் சொல்லை 'கம்யூனிட்டி' என்று மாற்றிக்கொண்டது. ஆயுதம் தொடுவதில்லை, ஆயுதக் காவலை ஏற்பதில்லை, உள்ளூர் மக்கள் அழைக்காமல் எங்கும் போவதில்லை என்பவை இவர்களின் அடிப்படை நெறிகள்.

இனி நான் சொல்ல விரும்பிய இடத்துக்கு வருவோம். பாலஸ்தீனத்தின் மேற்குக் கரையில், ஹெப்ரானுக்குத் தெற்கே உள்ள மலைப்பகுதியில் அத்-துவானி என்ற சிறிய ஊர் இருக்கிறது. அந்த ஊர்ப் பள்ளிக்கு, அடுத்துள்ள துபா என்ற குக்கிராமத்திலிருந்து பிள்ளைகள் நடந்து வர வேண்டும். நேர்வழி குறுகியதுதான், ஆனால் அது மாஓன் என்ற இஸ்ரேலியக் குடியேற்றத்துக்கும் அதன் புறக்குடியிருப்புக்கும் இடையே செல்கிறது. அந்தப் பாதையில் பிள்ளைகள் மீது கல் விழும், விரட்டு விழும். சுற்றுப்பாதையில் போனால் பலமடங்கு தூரம். தாய்மார் பயந்தார்கள், பிள்ளைகளின் படிப்பு தடைபட்டது.

2004ஆம் ஆண்டு கிராமத்தார் அழைப்பின் பேரில், இந்த அமைப்பினரும் 'ஆபரேஷன் டவ்' என்ற இத்தாலியக் கத்தோலிக்க அமைதிக் குழுவினரும் அங்கு வந்து தங்கினார்கள். அவர்கள் செய்த வேலை ஒன்றே ஒன்றுதான்: காலையில் பிள்ளைகளோடு பள்ளிக்கு நடந்தார்கள், பள்ளி விட்டதும் அவர்களோடு திரும்பி நடந்தார்கள். செப்டம்பர் 29ஆம் நாள் முகமூடி அணிந்த சிலர் சங்கிலியோடும் மட்டைகளோடும் புறக்குடியிருப்பிலிருந்து பாய்ந்து வந்தார்கள். பிள்ளைகள் ஓடித் தப்பினார்கள். உடன் நடந்த அமெரிக்கர் இருவரில் ஒருவருக்கு நுரையீரல் துளைபட்டது. மற்றவருக்குக் கை முறிந்தது. அடிபட்டவர்கள் திருப்பி அடிக்கவில்லை.

அடுத்து நடந்ததைக் கவனியுங்கள். பாலஸ்தீனப் பிள்ளைகள் கல்லடி பட்டபோது எட்டாத செய்தி, வெளிநாட்டவர் எலும்பு முறிந்தபோது உலகம் முழுவதும் எட்டியது. இஸ்ரேல் நாடாளுமன்றத்தின் சிறுவர் உரிமைக் குழு தலையிட்டது. அந்தப் பிள்ளைகளுக்கு இஸ்ரேல் ராணுவமே பாதுகாப்பு தர வேண்டும் என்ற ஏற்பாடு வந்தது. பள்ளிக்கூடம் போகும் சிறு பிள்ளைகள் சிலர், தங்களை ஆக்கிரமித்திருக்கும் ராணுவத்தின் ஜீப்புக்குப் பின்னால், அதே நாட்டுக் குடியேற்றக்காரர்களிடமிருந்து காப்பாற்றப்படுவதற்காக வரிசையில் நடந்தார்கள். இந்த வினோதத்தை எண்ணும்போதெல்லாம் எனக்கு வியப்பும் வேதனையும் ஒருசேர வருகின்றன.

அதோடு பணியாளர்களின் வேலை முடிந்துவிடவில்லை. ராணுவம் உடன் வரும்போது அவர்கள் பாதையில் நடக்கக் கூடாது என்பதால், குன்றின் மேல் தொலைநோக்கியோடும் வீடியோ கேமராவோடும் காத்திருந்தார்கள். ஜீப் எத்தனை மணிக்கு வந்தது, பிள்ளைகள் எவ்வளவு நேரம் வெயிலில் நின்றார்கள், முதல் பாடவேளை போயிற்றா, வீரர்கள் பாதை முடியும்வரை வந்தார்களா, அல்லது பாதியில் விட்டுவிட்டுத் திரும்பினார்களா என்பதையெல்லாம் குறிப்பேட்டில் எழுதினார்கள். ஜீப் தாமதித்தால் ராணுவ அலுவலகத்துக்குத் தொலைபேசியில் அழைப்பார்கள். பதில் இல்லையென்றால் மீண்டும் அழைப்பார்கள். பிறகு அந்தக் குறிப்புகளைத் தொகுத்து அறிக்கையாக வெளியிட்டார்கள். அமைதிப் பணி என்றதும் மேடையும் மெழுகுவர்த்தியும் நம் நினைவுக்கு வருகின்றன. பால் கணக்கு எழுதுவதைப் போல நாள் தவறாமல் நேரம் குறிப்பவருக்கே பல இடங்களில் வன்முறையாளர் உண்மையில் அஞ்சுகிறார் என்பது என் உறுதியான கருத்து. யாரும் பார்க்கவில்லை என்ற நம்பிக்கையில்தான் பெரும்பாலான கற்கள் எறியப்படுகின்றன.

உலகத் திருச்சபைகள் மன்றமும் 2002 முதல் இதே போன்ற ஒரு திட்டத்தைப் பாலஸ்தீனத்தில் நடத்தி வருகிறது. தன்னார்வலர்கள் மூன்று மாதங்கள் தங்கி, சோதனைச் சாவடிகளிலும் பள்ளிப் பாதைகளிலும் நிற்கிறார்கள்.

நேயர்களில் சிலர் இந்நேரம் ஒரு கேள்வியைத் தட்டச்சு செய்துகொண்டிருப்பீர்கள்: அமெரிக்கக் கடவுச்சீட்டு இருப்பவனின் எலும்புக்குத்தானே அந்த மதிப்பு, நம்மைப் போன்றவர்கள் போய் நின்றால் யார் கவனிப்பார்கள்? கேள்வி நியாயமானது. தங்கள் பாதுகாப்பே உலகின் அநீதியான ஏற்றத்தாழ்விலிருந்து பிறக்கிறது என்பதை இந்தப் பணியாளர்களே தங்களுக்குள் விவாதித்து வருகிறார்கள். மேலும், அந்தக் கடவுச்சீட்டும் எப்போதும் காப்பாற்றுவதில்லை.

2005 நவம்பர் 26ஆம் நாள் ஈராக்கின் பாக்தாத்தில், கிறிஸ்டியன் பீஸ்மேக்கர் டீம்ஸ் சார்பில் சென்றிருந்த நான்கு பேர் கடத்தப்பட்டார்கள். அமெரிக்கக் குவேக்கரான டாம் ஃபாக்ஸ், கனடாவைச் சேர்ந்த ஜேம்ஸ் லோனி, ஹர்மீத் சிங் சூடன், பிரிட்டனைச் சேர்ந்த முதியவர் நார்மன் கெம்பர் ஆகியோர் அவர்கள். ஈராக்கில் அமெரிக்கப் படை நடத்திய அபு கிரைப் சிறையின் சித்திரவதைப் படங்கள் உலகுக்குத் தெரியவரும் முன்பே, கைதிகள் நடத்தப்படும் விதம் குறித்து ஈராக்கியக் குடும்பங்களின் வாக்குமூலங்களைத் திரட்டி வெளியிட்டது இவர்களின் குழு. அதனாலும் பாலஸ்தீனத்தில் செய்த பணியாலும்தான் பாலஸ்தீனத்தின் முஸ்லிம் தலைவர்கள் உட்படப் பலர் இவர்களை விடுவிக்கும்படி கடத்தியவர்களிடம் மன்றாடினார்கள். ஆனாலும் 2006 மார்ச் மாதம் டாம் ஃபாக்ஸின் உடல் பாக்தாத்தில் கிடைத்தது. இளமையில் அமெரிக்க மரீன் படைப் பிரிவின் இசைக்குழுவில் ஏறத்தாழ இருபது ஆண்டுகள் வாசித்தவர் அவர். அந்தச் சீருடையைக் கழற்றிவிட்டு வெறுங்கையோடு போருக்குள் நுழைந்தவர்.

மார்ச் 23 அன்று பிரிட்டன் தலைமையிலான படையினர் மற்ற மூவரையும் மீட்டார்கள். துப்பாக்கி வேண்டாம் என்றவர்களைத் துப்பாக்கிக்காரர்கள்தானே காப்பாற்றினார்கள் என்று அப்போது பலர் ஏளனம் செய்தார்கள். அந்த மீட்பில் ஒரு குண்டும் சுடப்படவில்லை, கடத்தியவர்கள் அங்கே இல்லை என்பது உண்மை. ஆனால் அதைச் சொல்லி அந்தக் கேள்வியிலிருந்து தப்பிக்க நான் விரும்பவில்லை. படைவீரர்களின் துணிவுக்கு நன்றி சொல்வதும், படையெடுப்பை எதிர்ப்பதும் ஒரே மனத்தில் இருக்க முடியும் என்றே நான் நம்புகிறேன். மீண்டு வந்த மூவரும் அந்த ஆண்டு இறுதியில் லண்டனில் செய்தியாளர்களைச் சந்தித்து, கடத்தியவர்களை மன்னித்துவிட்டதாக அறிவித்தார்கள். அவர்களுக்கு மரண தண்டனை வேண்டாம் என்ற நிலையிலும் உறுதியாக நின்றார்கள்.

[திரையில்: மேற்கு ஆப்பிரிக்க வரைபடம்]

கடவுச்சீட்டுக் கேள்விக்குச் சிறந்த பதில் லைபீரியாவில் இருக்கிறது. 2003இல் உள்நாட்டுப் போரின் உச்சத்தில், லுத்தரன் சபையைச் சேர்ந்த லேமா போவி தலைமையில் கிறிஸ்தவப் பெண்களும் முஸ்லிம் பெண்களும் வெள்ளுடை அணிந்து, தலைநகர் மன்ரோவியாவின் மீன் சந்தையை ஒட்டிய திடலில் நாள்தோறும் வந்து அமர்ந்தார்கள். அதிபர் சார்லஸ் டெய்லரின் வாகனங்கள் போகும் சாலை அது. குளச்சலிலும் முட்டத்திலும் விடியற்காலையில் கூடையோடு நிற்கும் நம் பெண்களை அறிந்தவர்களுக்கு அந்தத் திடலின் மன உறுதி எளிதில் புரியும். கானா நாட்டின் அக்ராவில் நடந்த அமைதிப் பேச்சுவார்த்தை இழுத்துக்கொண்டே போனபோது, அவர்கள் கைகோத்து மண்டபத்தின் வாசலை மறித்து உட்கார்ந்து, முடிவு வராமல் யாரும் வெளியேற முடியாது என்றார்கள். ஆகஸ்ட் 18 அன்று உடன்படிக்கை கையெழுத்தாயிற்று. 2011இல் லேமா போவிக்கு அமைதிக்கான நோபல் பரிசு பகிர்ந்தளிக்கப்பட்டது. அந்தப் பெண்கள் யாருக்கும் வல்லரசுக் கடவுச்சீட்டு இல்லை.

நம் மாவட்டத்துக்கும் இது அந்நியமான செய்தி இல்லை. 1982 மார்ச் மாதம் மண்டைக்காட்டில் இந்துக்களுக்கும் கிறிஸ்தவர்களுக்கும் இடையே மூண்ட கலவரத்தை இங்குள்ள மூத்தவர்கள் மறந்திருக்க மாட்டார்கள். அந்த நாட்களில் குன்றக்குடி அடிகளார் நேரில் வந்து, இரு தரப்பு மக்களிடமும் அமைதிக்காகப் பேசினார். ஒரு சைவ மடத்தின் தலைவர் செய்த அந்தப் பணியை நம் சபைகள் நன்றியோடு நினைவுகூர வேண்டும். ஞாயிறு தோறும் சமாதானத்துக்காக மன்றாடும் நம் ஆலயங்களில், பதற்றம் வரும் நாளில் தெருவில் போய் நிற்பதற்கு இளைஞர்களைப் பழக்கும் குழு ஒன்றாவது இருக்க வேண்டும் என்பது என் ஆசை. கோபத்தில் கத்துபவரிடம் எப்படிப் பேசுவது, வதந்தியை எப்படிச் சரிபார்ப்பது, பார்த்ததை மட்டும் எப்படி எழுதுவது ஆகியவற்றைக் கற்றுக்கொடுக்க முடியும். உலகின் பல ஊர்களில் கற்றுக்கொடுக்கிறார்கள்.

உங்களிடம் ஒரு வேண்டுகோள். உங்கள் வீட்டிலோ தெருவிலோ 1982இல் சமாதானக் குழுவில் வேலை செய்தவர்கள், அண்டை வீட்டாரை ஒளித்துவைத்துக் காப்பாற்றியவர்கள் இருந்தால், இந்த வாரமே அவர்களிடம் உட்கார்ந்து பேசுங்கள். யாரையும் குற்றம் சாட்டாமல், எந்தத் தெருவில் யாரோடு நின்றார்கள், என்ன சொல்லிக் கூட்டத்தைத் தடுத்தார்கள், எது பலித்தது, எது பலிக்கவில்லை என்று கேட்டு, அவர்கள் சம்மதித்தால் குரலைப் பதிவு செய்து எங்களுக்கு அனுப்புங்கள். பெயரை வெளியிட வேண்டாம் என்றால் வெளியிட மாட்டோம். போதிய பதிவுகள் வந்தால் அடுத்த வீடியோ முழுவதும் அவர்களின் குரலாகவே இருக்கும்.