பானெட் ஏன் உயர்ந்தது?

நேயர்களுக்கு வணக்கம்.

சாலையில் நிற்கும் கார்களின் சின்னத்தை மட்டும் மறைத்துவிட்டுப் பாருங்கள். எது எந்த நிறுவனத்துடையது என்று சொல்லத் திணறிப்போவோம். வடிவமைப்பாளர்களுக்குக் கற்பனை வறண்டுவிட்டது என்று பலர் குறைப்படுகிறார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை.

முதல் காரணம் காற்று. வேகம் இரண்டு மடங்கானால் காற்றின் எதிர்ப்பு நான்கு மடங்காகிவிடும். எரிபொருள் மிச்சமாக வேண்டுமானால் கூரை பின்னோக்கி மெல்லச் சரிய வேண்டும், வால் சட்டென்று வெட்டியதுபோல முடிய வேண்டும். இதை 1930களிலேயே ஆராய்ந்தவர் ஜெர்மானியப் பொறியாளர் வூனிபால்ட் காம். டொயோட்டா பிரியஸும் ஹோண்டா இன்சைட்டும் உடன்பிறப்புகள்போல இருந்ததற்கு இதுதான் காரணம்.

காரின் உடலைத் தாங்கும் அடித்தளமும் பல மாடல்களுக்குப் பொதுவாகிவிட்டது. ஃபோக்ஸ்வேகன் குழுமம் 2012இல் கொண்டுவந்த அடித்தளத்தில் கோல்ஃப், ஆடி ஏ3, ஸ்கோடா ஆக்டேவியா எல்லாமே உருவாயின. முன்சக்கரத்துக்கும் பெடலுக்கும் உள்ள தூரம் அனைத்திலும் ஒன்றே.

சரி, நான் முக்கியமாகச் சொல்ல வந்தது பானெட்டைப் பற்றி, அதாவது முன்னால் இஞ்சினை மூடியிருக்கும் தகட்டைப் பற்றி. முன்பெல்லாம் பல கார்களில் அது ஆப்புபோலத் தாழ்ந்து கூர்ந்திருக்கும். இப்போது மேடாகி, மூக்கு மழுங்கிவிட்டது. நடந்து போகிறவர்மீது கார் மோதினால் அவர் தலை பானெட்டில் வந்து விழக்கூடும். தகடு மெல்லியது, நசுங்கிக் கொடுக்கும். ஆனால் அதை ஒட்டியே இஞ்சின் இருந்தால் தலை இரும்பில் மோதியதற்குச் சமம். அதனால் இரண்டுக்கும் நடுவே சில விரற்கடை இடம் விடுகிறார்கள். அந்த அளவுக்கு பானெட் உயர்கிறது. பாதசாரிகளுக்கான இந்தப் பாதுகாப்பை ஐரோப்பாவில் 2005 முதல் புதிய மாடல்களுக்குக் கட்டாயமாக்கினார்கள். பானெட்டிலிருந்து எழுந்து விழிக்கும் அந்த அழகான விளக்குகளும் போய்விட்டன. அவற்றோடு வந்த கடைசிக் கார்களில் ஒன்றான லோட்டஸ் எஸ்பிரிட்டின் தயாரிப்பு 2004இல் நின்றது. எனக்கும் அவை பிடிக்கும். ஆனாலும், அந்தக் காரை வாங்காத, அதில் ஏறவே ஏறாத ஒரு மனிதருக்காக அதன் முகம் மாறியிருக்கிறதே, அதை நினைத்தால் எனக்கு மனம் நிறைகிறது.

ஆனால் சுவர் மாதிரி நிமிர்ந்து வரும் பெரிய எஸ்யூவி முகப்புகளை இந்தக் கணக்கில் சேர்க்க மாட்டேன். காற்றும் சட்டமும் அதைக் கேட்கவில்லை. கம்பீரமாகத் தெரிய வேண்டும் என்று நாம் கேட்டோம், அவர்கள் செய்தார்கள். அது மோதினால் பெரியவருக்கு நெஞ்சில் அடி, பிள்ளைக்குத் தலையில் அடி. மூன்று வயதுக் குழந்தை அதன் முன்னால் நின்றால், இருக்கையில் உட்கார்ந்திருப்பவருக்கு வெறும் சாலைதான் தெரியும்.

நன்றி, வணக்கம்.